வழி தவறுதல்: மறதியா, மனவரைபடக் குறையா?

முன்னுரை

பலமுறை போய்வந்த இடத்துக்கே மறுபடி வழி கேட்பவரை ஞாபக மறதிக்காரர் என்றோ கவனமில்லாதவர் என்றோ சொல்லிவிடுகிறோம். இன்னும் இரண்டு தடவை போய்வந்தால் பழகிவிடும் என்று அறிவுரையும் கூறுகிறோம். இக்கட்டுரை அந்தக் கணிப்பை மறுக்கிறது. வழி கண்டுபிடிப்பதில் வாழ்நாள் முழுதும் தடுமாறுபவர்கள் பலருக்கு நினைவாற்றல் நன்றாகவே இருக்கிறது. தனித்தனியே அறிந்த இடங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே வரைபடமாக மனத்தில் அமைத்துக்கொள்வதில்தான் அவர்கள் இடறுகிறார்கள். எனவே வெறும் பழக்கம் அதற்கு மருந்தாகாது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

1. பாதை அறிவும் பரப்பு அறிவும்

ஓரிடத்துக்குப் போக இருவகை அறிவு கைகொடுக்கும். பிள்ளையார் கோயிலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், மருந்துக்கடையைத் தாண்டியதும் வலப்பக்கம் என்று படிப்படியாக அறிந்திருப்பது பாதை அறிவு. கோயில், மருந்துக்கடை, பேருந்து நிலையம் மூன்றும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளன என்று ஒருசேர அறிந்திருப்பது பரப்பு அறிவு. அன்றாட வழியில் இரண்டில் எது இருந்தாலும் வீடு போய்ச் சேரலாம். குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப்போட்ட நாளில்தான் வேறுபாடு தெரியவரும். பரப்பு அறிவு உள்ளவர் அடுத்த சந்தில் புகுந்து வெளியே வந்துவிடுவார். பாதை அறிவு மட்டும் உள்ளவருக்கு ஒரு கண்ணி அறுந்ததுமே முழு வழியும் போய்விடும்.

எலிகள் திருப்பங்களை மட்டும் பழகுவதில்லை, இடத்தின் அமைப்பையே கற்கின்றன என்று எட்வர்ட் டோல்மன் 1948-இல் வாதிட்டு, அதை மனவரைபடம் என்று குறித்தார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் அதன் மூளையிலுள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் சில செல்கள் கிளர்ச்சியுறுவதை ஜான் ஓ'கீஃபும் ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971-இல் கண்டனர். அதற்கு அண்டையிலுள்ள என்டோரைனல் புறணியில், பரப்பை அறுகோண ஒழுங்கில் அளந்து காட்டும் கட்டச் செல்களை மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் 2005-இல் கண்டறிந்தனர். ஓ'கீஃபுக்கும் மோசர்கள் இருவருக்கும் 2014-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனவரைபடத்துக்கு மூளையில் தனி ஏற்பாடு உண்டு என்றால், அந்த ஏற்பாடு மட்டும் தனியே பலவீனப்படவும் இடமுண்டு.

2. நினைவு இருந்தும் வழி இல்லாத நிலை

ஜியூசெப்பே இயாரியாவும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அவர்கள் ஆராய்ந்த பெண்மணிக்கு வயது 43. மூளையில் காயமில்லை, நோயில்லை. குழந்தைப் பருவம் முதலே தனியாக எங்கும் போகத் தெரியாதவர். ஆனாலும் வேலைக்குப் போய்வந்தார். குறிப்பிட்ட பேருந்தில் ஏறுவார். பெரிய சதுக்கம் ஒன்று கண்ணில் பட்டதும் இறங்குவார். அங்கிருந்து நேராகச் சிறிது தூரம் நடந்தால் அலுவலகம். அந்தச் சதுக்கத்தை அவர் மறந்ததில்லை; படிகளின் வரிசையும் பிசகியதில்லை. அலுவலகம் வேறிடத்துக்கு மாறப்போகிறது என்றபோதுதான் அவர் பாடு நெருக்கடியானது. மனவரைபடம் அமைக்கும் சோதனையின்போது எடுத்த ஸ்கேனில், மற்றவர்களிடம் இயங்கிய ஹிப்போகாம்பஸ் பகுதி இவரிடம் அவ்வாறு இயங்கவில்லை. அடுத்த ஆண்டே இயாரியாவும் ஜேசன் பார்ட்டனும் இதே நிலையிலுள்ள 120 பேரைப் பற்றி எழுதினர்.

மூளைக் காயத்தால் வழி தவறுபவர்களிடமும் குறை ஒரே வகையாக இல்லை. ஜெஃப்ரி அகுவிரேயும் மார்க் டி'எஸ்பொசிட்டோவும் 1999-இல் அதை நான்காகப் பகுத்தனர். தன் உடலை வைத்துப் பொருள்களின் இடத்தைச் சொல்ல இயலாமை ஒன்று. அடையாளங்கள் தெரிந்தும் அவற்றிலிருந்து திசை பிடிக்க இயலாமை மற்றொன்று. அடையாளங்களையே இனங்காண இயலாமை மூன்றாவது. பழைய ஊர் தெரிந்திருக்கப் புதிய ஊரை மட்டும் கற்க இயலாமை நான்காவது. மறதி என்ற ஒரு சொல்லில் இவற்றை எல்லாம் அடைப்பது மருத்துவத்துக்கும் உதவாது, மனிதருக்கும் உதவாது.

3. பழகினால் வருமா?

முதலில் அடையாளங்கள், பின்பு பாதைகள், இறுதியில் பரப்பு அறிவு என்று ஊர் படிப்படியாக மனத்தில் படியும் என்பது சீகலும் ஒயிட்டும் 1975-இல் முன்வைத்த கோட்பாடு. 'பழகிவிடும்' என்ற அறிவுரைக்கு அது அறிவியல் துணை. டோரு இஷிகாவாவும் டேனியல் மான்டெல்லோவும் 2006-இல் அதைச் சோதித்தனர். 24 பேரை வாரம் ஒருமுறை வீதம் பத்து வாரங்கள் ஒரே வழிகளில் காரில் அழைத்துச் சென்றனர். சிலர் முதல் வாரத்திலேயே இடங்களின் அமைப்பைச் சரியாகச் சொன்னார்கள். சிலர் பத்தாவது வாரத்திலும் முன்னேறவில்லை. படிப்படியாகத் தேறியவர்கள் சிலரே.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களை இங்கே எதிர்ச்சான்றாகக் காட்டலாம். உரிமம் பெற அவர்கள் சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்களைக் கற்க வேண்டும். பயிற்சிக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். பயிற்சியில் சேர்ந்த 79 பேரை எலினோர் மகுவைரும் கேத்ரின் வூலெட்டும் தொடர்ந்து கவனித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெருத்திருந்தது. தேறாதவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. பயிற்சி மூளையை மாற்றும் என்பதை நானும் ஏற்கிறேன். எந்தப் பயிற்சி என்பதே கேள்வி. இதே குழுவினர் 2006-இல் டாக்ஸி ஓட்டுநர்களை லண்டன் பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டிருந்தனர். அதே நகரம், அதே நெரிசல், ஒத்த அனுபவம். ஆனால் தடம் மாறாத ஓட்டம். டாக்ஸி ஓட்டுநர்களிடம் கண்ட வளர்ச்சி அவர்களிடம் இல்லை. ஆகவே சான்று என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போவது பாதையைத்தான் உறுதிப்படுத்துகிறது. இடங்களின் உறவைத் தேடித் தேடிப் பொருத்தும் உழைப்பே வரைபடத்தை வளர்க்கிறது.

4. ஊரும் பேச்சும்

இத்திறன் பிறவியோடு முடிந்துவிடுவதும் இல்லை. 38 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ நான்கு லட்சம் பேரிடம் வழி கண்டறியும் விளையாட்டு ஒன்றின் மூலம் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, சிகாகோ போலக் கட்டம் கட்டமாகத் தெருக்கள் அமைந்த நகரங்களில் வளர்ந்தவர்களைவிட, ஒழுங்கற்ற தெருக்களிலோ நகரத்துக்கு வெளியிலோ வளர்ந்தவர்கள் பொதுவாக நன்றாக வழி கண்டறிவதைக் காட்டியது. ஆண் பெண் வேறுபாடு பாலினச் சமத்துவம் குறைந்த நாடுகளில் அதிகமாக இருந்ததை 2018-இல் அதே விளையாட்டுத் தரவுகள் உணர்த்தின. பெண்களுக்குத் திசை தெரியாது என்ற கேலியின் வேர், பெண்களுக்கு மறுக்கப்பட்ட நடமாட்டத்திலும் இருக்கலாம்.

தமிழகத்தில் எரிக் பீடர்சன் 1990-களில் செய்த ஆய்வும் கவனத்துக்குரியது. கிராமத்தார் பொருள்களின் இடத்தைக் கிழக்கு, மேற்கு என்று சொல்ல, நகரத்தார் இடம், வலம் என்றார்கள். மேசையில் வரிசையாக வைத்த பொம்மை விலங்குகளைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பி அடுத்த மேசையில் அதேபோல அடுக்கும் சோதனையிலும் வேறுபாடு வெளிப்பட்டது. திசை சொல்லிப் பழகியவர்கள் கிழக்கு பார்த்த விலங்கைக் கிழக்கு பார்த்தே வைக்க முனைந்தார்கள். மற்றவர்கள் தம் கைப்பக்கத்தை அனுசரித்து வைத்தார்கள். ஒரே மொழிக்குள்ளேயே புழங்கும் முறைக்கேற்ப இட நினைவு அமைகிறது.

முடிவுரை

இவற்றிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, இளமை முதல் வழி தடுமாறுபவரையும் முதுமையில் புதிதாகத் தடுமாறுபவரையும் பிரித்தறிவது. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே என்டோரைனல் புறணியைத் தாக்குவதால், நேற்றுவரை தெரிந்த தெருவில் திகைத்து நிற்கும் முதியவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டாவது, வழியை ஒப்பிக்கச் சொல்லிச் சோதிப்பதைக் கைவிட்டு, இங்கிருந்து வீடு எந்தப் பக்கம் என்று கை காட்டச் சொல்வது. ஒப்பித்தலில் தேறுபவர் இங்கே தடுமாறினால் குறை எங்கே என்பது விளங்கும். மூன்றாவது, பள்ளிப் பருவத்திலேயே ஆண், பெண் இரு பிள்ளைகளும் ஒரே இடத்துக்குப் பல வழிகளில் போகவும், போனதை வரைந்து பார்க்கவும் வாய்ப்பளிப்பது. இவை யாவும் செலவில்லாதவை. வழி தவறுபவரின் ஞாபகத்தைக் குறைசொல்வதை நிறுத்தினால், இவற்றை இன்றே தொடங்கலாம்.