ஷல் (ஆங்கிலத் துணைவினை)

ஷல் என்பது எதிர்காலம், கடமை, ஆணை, யோசனை கேட்டல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலத் துணைவினை. ஆள், எண் எதுவானாலும் இதன் வடிவம் மாறாது.

தமிழில் ‘வருவேன்’ என்றால் வகர இடைநிலையே எதிர்காலத்தைக் காட்டிவிடும். ஆங்கில வினைக்கு அப்படி எதிர்கால உருபு கிடையாது. அந்தக் குறையை நிரப்ப, வேறு பொருளில் வழங்கிய இரண்டு சொற்கள் வந்தன. பழைய ஆங்கிலத்தில் ஷல் ‘கடன்பட்டிருத்தல், செய்தாக வேண்டியிருத்தல்’ என்றும், வில் ‘விரும்புதல்’ என்றும் பொருள்பட்டன. செய்தாக வேண்டியதும் செய்ய விரும்புவதும் இனிமேல் நடப்பவை என்பதால், நாளடைவில் இரண்டுமே எதிர்காலத்துக்கு ஆகிவந்தன.

எதை எங்கே சொல்வது என்று 1653இல் தம் ஆங்கில இலக்கண நூலில் விதி வகுத்தவர் ஜான் வாலிஸ். கணிதத்தில் முடிவிலிக் குறியைப் புகுத்தியவரும் இவரே. வெறும் எதிர்காலமானால் தன்மைக்கு ஷல், முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வில். உறுதியோ ஆணையோ ஆனால் இது தலைகீழாகும். இதை விளக்க இலக்கண ஆசிரியர்கள் ஓர் எடுத்துக்காட்டு சொல்வது வழக்கம். ஆற்றில் தத்தளிப்பவர் ‘ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ’ என்று கத்தினால், விதிப்படி அதன் பொருள் ‘மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக் கூடாது’ என்பதாகும். உயிருக்குப் போராடுபவரின் கூக்குரலை இப்படிப் பொருள் மாற்றிவிடும் விதி, பேச்சு வழக்கோடு ஒட்டாதது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்க வழக்குகளில் அது வேரூன்றவே இல்லை. நம் பழைய பள்ளி இலக்கணப் புத்தகங்களோ அதை வரிபிசகாமல் சொல்லிக்கொடுத்தன.

இன்றைய பேச்சில் ஷல் பெரும்பாலும் கேள்விகளில்தான் வருகிறது. ‘ஷல் வீ கோ?’ என்றால் ‘போகலாமா?’, ‘ஷல் ஐ ஓப்பன் த டோர்?’ என்றால் ‘கதவைத் திறக்கட்டுமா?’. இந்த இடங்களில் வில் பொருந்தாது.

சட்டத்தில் ஷல் கட்டாயத்தைச் சுட்டும். இந்திய அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு, சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு எவருக்கும் மறுக்கக் கூடாது என்று விலக்குவது இச்சொல்லைக் கொண்டுதான். ஆனால் கட்டாயமா, வெறும் எதிர்காலமா என்ற ஐயத்துக்கு இது இடம் தருவதால், 2007இல் திருத்தி எழுதப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் ஷல்லைக் கைவிட்டு, கட்டாயத்துக்கு மஸ்ட் என்பதையே எடுத்துக்கொண்டன.

யோசனை கேட்கும் கேள்விகளைத் தவிர்த்து, ஆங்கிலம் கற்பவர்கள் எதிர்காலத்துக்கு எல்லா இடங்களிலும் வில் என்றே எழுதலாம், பிழையாகாது.