மயிலாப்பூர் கார்கள் குடித்த எண்ணெய்

மாட்டுவண்டிக் காலத்தில் சக்கரத்துக்கு வண்டி மை போடுவார்கள். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்தெடுத்த கறுப்பு மசகு அது. அச்சும் குடமும் உரசித் தேயாமல் காக்கிற வேலையை ஆமணக்கு அப்போதே செய்துகொண்டிருந்தது. ரயில் வந்த பிறகும் அதற்கு மவுசு குறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ரயில்வேக்கள் ஆமணக்கெண்ணெயை மசகுக்காகப் பெருமளவில் வாங்கின. லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்ட் 1899இல் தொடங்கிய நிறுவனமும், கார்களுக்கும் விமானங்களுக்கும் 1909இல் கொண்டுவந்த புது எண்ணெயில் இதே ஆமணக்கைத்தான் சேர்த்தது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரை ஒட்டி அதற்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே அந்த நிறுவனத்தின் சரக்கு இந்தியாவில் இறங்கத் தொடங்கியது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காஸ்ட்ராலே ஒரு கலவைதான். மண்ணிலிருந்து எடுத்த எண்ணெயோடு செடியிலிருந்து எடுத்ததைச் சேர்த்த கலவை. ‘மினரல் ஆயில் போதுமா, செமி சிந்தெடிக் ஊற்றலாமா’ என்று இன்றைக்கு மெக்கானிக்கிடம் கேட்கிறவர்கள் நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

சென்னைக்குக் கார் சீக்கிரமே வந்துவிட்டது. மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றையே செய்து ஓட்டினார். அடுத்து வந்த ஆண்டுகளில் லஸ் பக்கத்து பங்களாக்களில் வக்கீல்களின் கார்கள் நிற்க ஆரம்பித்தன. ஆமணக்கெண்ணெய் கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு வழுக்கி ஓடாது. ஆனால் நாள்பட்டால் பிசினாக இறுகி இன்ஜினுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் இன்ஜினைப் பிரித்துத் துடைக்கிறவர்களுக்கு அது சரி. தினமும் ஹைகோர்ட்டுக்குப் போய்வரும் காருக்குச் சரிப்படாது. ஆகவே தெருவில் ஓடும் கார்களுக்குப் பெட்ரோலிய எண்ணெயே நிலைத்தது.

அந்த எண்ணெய்க்கு ஒரே ஒரு எண்தான் இருந்தது. அமெரிக்கப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911இல் எண்ணெய்களை அவற்றின் கெட்டித்தன்மைப்படி பிரித்தது. அதன்படி முப்பது, நாற்பது என்று தகரத்தில் போட்டிருக்கும். சூட்டில் நீர்த்துப்போகும், குளிரில் கெட்டிப்படும், சீக்கிரமே கறுத்துப்போகும். மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அம்பாசடரும் ஃபியட்டும், வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் 1961 முதல் தயாரித்த ஹெரால்டும் இந்த எண்ணெயில்தான் ஓடின. பாகங்களுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருந்த இன்ஜின்கள் அவை. ‘வண்டி ஆயில் குடிக்குது’ என்பது அப்போது பெரிய புகாரே இல்லை. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றிக்கொண்டு போவார்கள்.

எண்ணெய் சென்னையிலேயே கிடைக்கத் தொடங்கியது மணலியால். இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸை அமைத்தன. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. பெட்ரோலும் டீசலும் மட்டும் அதன் நோக்கமல்ல. கச்சாவின் அடிக்கனமான பகுதியிலிருந்து வேண்டாததைக் கரைத்து நீக்கி, மெழுகையும் பிரித்தெடுத்து, மசகுக்கான அடிப்படை எண்ணெயையும் அங்கே எடுத்தார்கள். இந்தியன் ஆயில் 1972இல் சர்வோ என்ற பெயரை அறிமுகப்படுத்தியது. 1974க்கும் 1978க்கும் இடையில் எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் மூன்றும் அரசுடைமையாகின. மணலியில் 1989இல் உருவான இந்தியன் அடிட்டிவ்ஸ், எண்ணெயில் கலக்கும் துணைப்பொருள்களையும் உள்ளூரிலேயே செய்தது. இன்ஜினுக்குள் சேறு படியாமல் தடுப்பதும், அமிலத்தை முறிப்பதும், தேய்மானத்தைக் குறைப்பதும் இந்தத் துணைப்பொருள்களே. தகரத்தின் மேல் என்ன பெயர் இருந்தாலும் பாதி வேலை இவற்றுடையது என்பதைக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் போதுமான அளவு உணரவில்லை.

பிறகு ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண் போட்ட மல்டிகிரேட் வந்தது. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. சென்னையின் குளிர் எவ்வளவு? நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. மறுகோடியில், 2003 மே 31 அன்று 45 டிகிரி. உறைபனியே காணாத ஊருக்கு இந்த எழுத்து எதற்கு என்று பலரும் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மார்கழிக் காலையில் 22 டிகிரியில் நிற்கிற இன்ஜினுக்கு அதன் ஓட்டச் சூடான நூறு டிகிரியோடு ஒப்பிட்டால் அதுவே குளிர்தான். சாவியைத் திருப்பிய முதல் சில நொடிகளில் மேல் பாகங்களுக்கு எண்ணெய் ஏறும்வரை உலோகம் உலோகத்தோடு உரசுகிறது.

இந்த நொடிகளை முக்கியமாக்கியது 1998. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ அந்த ஆண்டு வெளிவந்தது. 999 சி.சி., பன்னிரண்டு வால்வு, பல்முனை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். இடைவெளிகள் குறுகின, எண்ணெய் போகும் துளைகள் சிறுத்தன. ஹெரால்டுக்கு ஊற்றிய கெட்டி எண்ணெய் இந்த இன்ஜின்களுக்கு ஒத்துவராது. இதே பத்தாண்டில்தான் மசகுச் சந்தையும் திறந்துவிடப்பட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தன. ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளில் கேன்கள் அடுக்கடுக்காக ஏறின. அவற்றில் செமி சிந்தெடிக், அதாவது மினரலும் சிந்தெடிக்கும் கலந்தது, என்று எழுதியவையும் இருந்தன.

சிந்தெடிக் எண்ணெயில் மூலக்கூறுகள் ஒரே சீராக இருக்கும். அதனால் சூட்டில் எளிதில் ஆவியாகாது, சீக்கிரம் கெடாது. தொடக்கத்தில் இது ரசாயன முறையில் கட்டியெழுப்பிய எண்ணெயை மட்டுமே குறித்தது. கச்சாவிலிருந்து கடுமையாகச் சுத்திகரித்த எண்ணெயையும் அப்படி விற்கலாம் என்று அமெரிக்காவின் விளம்பரத் தகராறு மன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. வழக்காடியவை மொபிலும் காஸ்ட்ராலும். அதன்பின் கலவை எண்ணெய் மலிவானது. எத்தனை பங்கு சிந்தெடிக் என்பதைப் பெரும்பாலான கேன்கள் சொல்வதில்லை. வாங்குகிறவர் முன்பக்கத்து எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் உள்ள கெட்டித்தன்மை எண்ணையும் ஏ.பி.ஐ. தரத்தையும் கார் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே உருப்படியான வழி.

மயிலாப்பூரில் ஓடும் கார் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கச்சேரி ரோட்டிலிருந்து லஸ் முனைக்கு, அங்கிருந்து மந்தைவெளிக்கு. பாதி நேரம் முதல் கியரில் நகர்கிறது, மீதி நேரம் நின்றபடி உறுமுகிறது. மெட்ரோ வேலைக்காகத் தெருக்கள் குறுகியதிலிருந்து இது இன்னும் மோசம். அறுபத்துமூவர் நாளில் மாட வீதிக் கார்கள் அசையவே முடியாது. கிலோமீட்டர் ஏறுவதில்லை, இன்ஜின் மட்டும் ஓடுகிறது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராத குறும்பயணங்களில் எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் தங்கிவிடும். இத்தகைய ஓட்டத்தைக் கார் கையேடுகள் ‘கடின உபயோகம்’ என்று தனியாகவே குறிப்பிட்டு, எண்ணெயைச் சீக்கிரம் மாற்றச் சொல்கின்றன. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்ற வழக்கமான கணக்கில் மயிலாப்பூர்க்காரர்களுக்கு முதலில் வருவது ஓராண்டுதான். அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது.

ஆகவே, வீட்டில் போற்றிவைத்த பழைய ஃபியட்டுக்கு மினரல் ஆயிலே பொருத்தம். அதன் ரப்பர் சீல்களும் இடைவெளிகளும் அதற்காகச் செய்யப்பட்டவை. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் காருக்கு, கையேடு அனுமதிக்கும் எண்ணில், செமி சிந்தெடிக் நியாயமான தேர்வு. கூடுதல் விலைக்கு ஏற்ற பாதுகாப்பு கிடைக்கும். 0டபிள்யூ-20 கேட்கிற புதிய கார்களுக்குப் பெரும்பாலும் முழு சிந்தெடிக்தான் சரி. தயாரிப்பாளர் கேட்டதைவிடக் கெட்டியான எண்ணெயை ‘மெட்ராஸ் வெயிலுக்கு இதுதான் சார் சரி’ என்று ஊற்றிவிடும் பழக்கம் இன்னும் சில ஷெட்களில் இருக்கிறது. ஹெரால்ட் காலத்தில் அது சரியான அறிவுரையாக இருந்தது. இன்றைய இன்ஜின்களுக்கு அது கேடு.

வடித்தெடுத்த கருப்பாயிலுக்கு ஒரு தனிக் கதை உண்டு. கறையான் ஏறாமலிருக்க மரத்தில் பூசினார்கள். கான்கிரீட் ஒட்டாமலிருக்க சென்ட்ரிங் பலகையில் தடவினார்கள். மிச்சம் சாக்கடையில் போனது, பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் பங்கு கிடைத்தது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிகளின்படி, பழைய எண்ணெய் மறுசுத்திகரிப்புக்குப் போவதற்கு அதை விற்ற நிறுவனங்களே பொறுப்பு. மறுசுத்திகரிப்பில் கிடைப்பதும் அடிப்படை எண்ணெய்தான். துணைப்பொருள் சேர்த்தால் மறுபடியும் ஒரு இன்ஜினுக்கு ஊற்றலாம்.