ஏடும் பூட்டும்: படியெடுத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கிழக்கிலங்கைக் கடற்கரையூர்களுள் கண்ணகி வழிபாட்டாற் சிறப்புற்றது தம்பிலுவில். ஆங்குள்ள அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. இந்நூல் நம் காலம்வரை எங்ஙனம் வந்தெய்தியது என்னும் வினாவிலிருந்து இவ்வாய்வைத் தொடங்குகின்றோம்.

ஓலை நிலையற்றது. செல்லும் ஈரமும் அதனைச் சில தலைமுறைகளுள் அழித்துவிடும். ஆதலின் பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொள்ளுதல் மரபாயிற்று. இத்தகைய படிகள் பலவற்றை ஒப்புநோக்கியே பண்டிதர் வி. சீ. கந்தையா 1968 இல் இந்நூலைப் பதிப்பித்தார். 1978 இல் சூறாவளியும் 2004 இல் ஆழிப்பேரலையும் தாக்கிய கரை இது. ஓரிடத்துப் படி அழியினும் பிறிதோரிடத்துப் படி எஞ்சும் என்பதே இங்கு நூலுக்குக் காவல்.

கணினிக் காலத்திற் காவல் என்னும் சொல்லின் பொருள் மாறிற்று. படியெடுத்தலைத் தடுத்தலே காவல் எனப்படலாயிற்று. 2007 இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா இயங்குதளம், காப்பிடப்பெற்ற உயர்தெளிவுப் படம் திரையை அடையும் வழியைக் கண்காணித்தது. இணைப்பு நம்பத்தக்கதன்று எனக் கண்டவிடத்துப் படத்தின் தெளிவைக் குறைக்க அதற்கு இயன்றது. இவ்வேற்பாட்டின் சுமை விலைகொடுத்து வாங்கிய பயனர்மீதே விழும் என நியூசிலாந்து ஆய்வாளர் பீற்றர் குட்மன் 2006 இறுதியில் எழுதினார். மைக்ரோசொப்ட் நிறுவனம் அவர் கூற்றுகள் சிலவற்றை மறுத்தது. எனினும் 2019 இல் அந்நிறுவனம் தன் மின்னூல் விற்பனையை நிறுத்தியபோது நிகழ்ந்தது ஐயத்திற்கு இடமற்றது. வாங்கியோர் விலையைத் திரும்பப் பெற்றனர், நூல்களையோ இழந்தனர். திறவுகோல் ஒருபோதும் அவர் கையில் இருந்ததில்லை.

படைப்பாளியின் உரிமையை யாம் மறுக்கவில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், அவ்வுரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைபெறும் என வரையறுத்து, ஆய்வு, கற்பித்தல் முதலியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டையும் ஏற்கின்றது. பூட்டோ ஆண்டெல்லையை அறியாது. மாணவனையும் கள்வனையும் வேறுபடுத்தாது.

இக்கரையின் நூல்கள் படியெடுக்கப்பட்டமையாலேயே வாழ்ந்தன. இன்று பூட்டி விற்கப்படும் தமிழ் நூலும் இசையும் நூறாண்டின் பின் எவர் கையில் எஞ்சும் என்பதை இப்போதே எண்ணுதல் வேண்டும். உரிமைக்காலம் முடிந்ததும் பூட்டு நீக்கப்படுதலும், நூலகங்கள் பூட்டற்ற காப்புப்படி ஒன்றை வைத்திருத்தலும் சட்டத்தால் உறுதிசெய்யப்படல் வேண்டும் என்பது எமது துணிபு.