ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் ஆர்வம் (தமிழ்நாடு)

ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் என்பது நான்கு கதவு, பின்னிருக்கை, டிக்கி கொண்ட குடும்பக் காரின் உடலில் வலுவான எஞ்சினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் பொருத்தி, ஓட்டுநரின் இன்பத்துக்காகக் கட்டப்பட்ட கார் வகை. பி.எம்.டபிள்யூ. 3 சீரீஸ், மெர்சிடஸ்-பென்ஸின் ஏ.எம்.ஜி. செடான்கள், ஆடி எஸ் வரிசை ஆகியவை இதன் முதன்மை எடுத்துக்காட்டுகள். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டாவையும், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் 1991இல் சேர்ந்த செக் நிறுவனமான ஸ்கோடாவின் ஆக்டேவியாவையும் இந்திய ஆர்வலர்கள் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே குடும்பம் என்பதே காரணம். ஜெர்மனியில் இவ்வகையை வளர்த்தவை நெடுஞ்சாலையும் பந்தயமும். தமிழ்நாட்டில் இதை வாங்குவதையும் ஓட்டுவதையும் மாற்றியமைப்பதையும் வரி, சாலை, வாகனச் சட்டம் ஆகிய மூன்றும் வரையறுத்திருக்கின்றன. கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம் வட்டாரத்தில் இம்மூன்றின் இழுபறியையும் ஒருசேரப் பார்க்கலாம்.

தோற்றம்

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1959இல் நொடித்து, போட்டியாளரான டெய்ம்லர்-பென்ஸிடம் கைமாறும் நிலைக்கு வந்தது. அதிலிருந்து மீள அது 1961 பிராங்பர்ட் கண்காட்சியில் வைத்த கார்தான் 1500. நடுத்தரக் குடும்பத்துக்கான அளவிலேயே சுறுசுறுப்பான ஓட்டத்தையும் தந்த கார் அது. 1968இல் சிறிய உடலுக்குள் 2 லிட்டர் எஞ்சினை வைத்து 2002 என்ற கார் வந்தது. நியூயார்க்கில் இறக்குமதி வணிகம் செய்த மேக்ஸ் ஹாஃப்மன் அதற்காக வற்புறுத்தியவர்களில் ஒருவர். 1975இல் 3 சீரீஸும், 1985இல் எம்1 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் வழிவந்த எம்5 செடானும் தொடர்ந்தன.

மெர்சிடஸ் பக்கம் இந்த வேலை வெளியாட்களிடமிருந்து தொடங்கியது. ஹன்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என்ற இரு பொறியாளர்கள் 1967இல் ஏ.எம்.ஜி.யைத் தொடங்கினார்கள். 1971இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணிநேரப் பந்தயத்தில் அவர்கள் இறக்கிவிட்ட பெரிய சொகுசுச் செடான் ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பிடித்தது. 1984 மே மாதம் புதிய நூர்பர்க்ரிங் தடத்தின் திறப்பு விழாவில் ஒரே மாதிரியான மெர்சிடஸ் 190 இ 2.3-16 கார்களில் முன்னணி ஓட்டுநர்கள் மோதினார்கள். வென்றவர் அப்போது 24 வயதான அயர்டன் சென்னா. ஆடி 1980இல் குவாட்ரோ என்ற நான்கு சக்கர இயக்கக் காரைக் கொண்டுவந்து, பிறகு அதே நுட்பத்தைத் தன் செடான்களுக்கும் கொடுத்தது.

பந்தய விதிகளும் இந்த வகைக்கு உதவின. 'குரூப் ஏ' பந்தயத்தில் ஒரு கார் இறங்க வேண்டுமானால், அதே வகையில் 12 மாதத்துக்குள் 5,000 கார்களைத் தயாரித்திருக்க வேண்டும். 1986இன் பி.எம்.டபிள்யூ. எம்3 இப்படித்தான் கடைக்கு வந்தது. ஆட்டோபான் நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் பொது வேக வரம்பு இல்லாததால், வாங்கியவர்கள் அதன் வேகத்தைச் சாலையிலேயே பயன்படுத்தவும் முடிந்தது.

இந்தியாவுக்கு வந்த வழி

தமிழ்நாட்டில் காரை மாற்றியமைத்து ஓட்டும் பழக்கம் ஜெர்மன் கார்களுக்கு முந்தையது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் எழுந்தது. கோவையில் எஸ். கரிவரதன் உள்நாட்டிலேயே பந்தயக் கார்களைக் கட்டினார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது.

மெர்சிடஸ்-பென்ஸ் 1995இல் புனேயில் இ கிளாஸ் கார்களைப் பூட்டத் தொடங்கியது. அவை முதலாளிகள் பின்னிருக்கையில் அமர்ந்து போகும் கார்கள். ஓட்டுபவருக்கான கார் என்ற எண்ணத்தை இந்திய நடுத்தர வர்க்கத்திடம் பரப்பியது 2004இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், 150 குதிரைத்திறன், மேனுவல் கியர். பழைய ஆக்டேவியா ஆர்.எஸ். இன்றும் ஆர்வலர்கள் தேடிப் பிடிக்கும் கார்களில் ஒன்று.

2007 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ. செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்தது. அங்கே முதலில் பூட்டப்பட்ட கார் 3 சீரீஸ். 2015இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் அதே வளாகத்தில் பி.எம்.டபிள்யூ.வுக்கான எஞ்சின்களைப் பூட்டும் ஆலையைத் தொடங்கியது. 2021இல் பி.எம்.டபிள்யூ. ஆலையிலிருந்து எம்340ஐ என்ற செடான் வெளிவந்தது: 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின், 387 குதிரைத்திறன், 100 கி.மீ. வேகத்தை 4.4 விநாடியில் எட்டும். இந்தியாவிலேயே பூட்டப்பட்ட முதல் எம் பெர்ஃபார்மன்ஸ் கார் இது. முழுதாக இறக்குமதியாகும் எம்3 வகைக் காரோடு ஒப்பிட்டால் விலை பாதிக்கும் குறைவு என்பதால், தொழில் செய்யும் இளைய தலைமுறையின் முதல் 'சீரியஸ்' கார் பெரும்பாலும் இதுவாகிவிட்டது.

உடைமை

ஷோரூம் விலையோடு செலவு முடிவதில்லை. ரூ. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 விழுக்காடு. அதனால் பலர் இவ்வகைக்குள் நுழையும் வாசல் செகண்ட் ஹேண்ட் சந்தைதான். 320டி, ஜெட்டா டி.டி.ஐ., ஸ்கோடா லாரா போன்ற டீசல் கார்கள் ஒரு காலத்தில் அந்த வாசலாக இருந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் ஃபோக்ஸ்வாகன் குழுமம் தன் டீசல் செடான்களை இந்தியாவில் நிறுத்திவிட்டது.

பழைய கார் வாங்கும் ஆர்வலர் பெயின்டைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. மடிக்கணினியை ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள ஓ.பி.டி. துளையில் சொருகி, ஃபோக்ஸ்வாகன் குழும கார் என்றால் வி.சி.டி.எஸ். மென்பொருளில் எல்லாக் கணினிப் பெட்டிகளையும் ஸ்கேன் செய்கிறார். பழைய பிழைக்குறிகள் அழிக்கப்பட்டிருந்தாலும், தானியங்கி கியர்பாக்ஸின் கிளட்ச் தேய்மான அளவும் வெப்பப் பதிவும் அங்கே கிடக்கும். டி.க்யூ.200 என்ற ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியில் 'மெக்கட்ரானிக்ஸ்' என்ற கட்டுப்பாட்டுப் பகுதி கெட்டால் பழுதுச் செலவு லட்சத்தைத் தொடும் என்பதால், பேரம் பேசுவதே இந்த ஸ்கேனுக்குப் பிறகுதான்.

பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் உள்ளிழுக்கும் வால்வுகள் பெட்ரோலால் கழுவப்படுவதில்லை. எண்ணெய்ப் புகை படிந்து கரி பிடிக்கும். அக்ரூட் ஓட்டைப் பொடித்துக் காற்றழுத்தத்தில் அடித்து அதைச் சுத்தம் செய்கிறார்கள். உலோகத்தைக் கீறாத அளவு மென்மையும், கரியைப் பெயர்க்கும் அளவு கடினமும் அந்தத் தூளுக்கு உண்டு.

ஓட்டம்

இந்தியாவில் ஆட்டோபான் கிடையாது. 2018 மத்திய அறிவிக்கை கார்களுக்கு அதிவிரைவுச் சாலையில் 120 கி.மீ., நான்குவழி நெடுஞ்சாலையில் 100 கி.மீ. என வரம்பை உயர்த்தியது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் விபத்துகளைச் சுட்டிக்காட்டி அதை ரத்து செய்தது. காரின் உண்மையான வேகத்தைச் சட்டப்படி பார்க்க இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் போன்ற பந்தயத் தடங்களே வழி. ஹெல்மெட்டோடு, பயிற்சியாளர் மேற்பார்வையில் சொந்தக் காரை ஓட்டும் நாள்களை 'டிராக் டே' என்கிறார்கள். 2010இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பைப் பந்தயங்கள் இதே வகைத் தடங்களில் நடந்து, அந்தக் குழுமக் கார்களுக்கு இளைஞர் கூட்டத்தைச் சேர்த்தன.

அன்றாடச் சாலையில் பெரிய பகை வேகத்தடைதான். தாழ்வான செடான் அளவில்லாமல் போட்ட வேகத்தடையில் 'அடி தட்டும்'. அதைத் தவிர்க்கக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவது பழகிய கை. இதனால்தான், வெளிநாட்டில் முதல் மாற்றமாகச் செய்யப்படும் தாழ்த்தும் சஸ்பென்ஷன் இங்கே கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

மாற்றியமைப்பு

மாற்றங்களைப் படிப்படியாகப் பிரிப்பது வழக்கம்.

கோடிங்: காரின் கணினியில் உள்ள வசதிகளைத் திறந்துவிடுவது. சாவி போட்டதும் மீட்டர் முள்கள் ஒருமுறை முழுவதும் ஏறி இறங்கச் செய்வது எளிய எடுத்துக்காட்டு.

ஸ்டேஜ் 1: எஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றி எழுதும் 'ரீமேப்'. டர்போ அழுத்தம், எரிபொருள் அளவு, பற்றவைப்பு நேரம் ஆகியவை திருத்தப்படுகின்றன.

ஸ்டேஜ் 2: ரீமேப்போடு அகலமான டவுன்பைப், காற்று உள்ளிழுப்பு, பெரிய இன்டர்கூலர் போன்ற பொருள்கள்.

ஸ்டேஜ் 3: டர்போவையே பெரிதாக மாற்றுவது.

எஞ்சின் தாங்கும், கியர்பாக்ஸ் தாங்காது என்பது டியூனர்கள் அடிக்கடி சொல்லும் எச்சரிக்கை. டி.க்யூ.200 பெட்டியின் தாங்கு அளவு 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2022இல் வந்த ஃபோக்ஸ்வாகன் விர்ட்டுஸ் ஜி.டி.யின் 1.5 லிட்டர் எஞ்சின் கம்பெனியிலிருந்தே அந்த 250ஐத் தருகிறது. அதற்கு ரீமேப் செய்தால் முதல் நாளிலிருந்தே வரம்பு மீறல்தான்.

எரிபொருளும் ஒரு வரம்பு. ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் அழுத்தத்தை ஏற்றினால் எஞ்சினில் 'நாக்கிங்' தட்டும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தது. அது சில பெருநகர பங்க்குகளில்தான் கிடைத்தது. அதனால் சிறு ஊர்க்காரர்களுக்கு டியூனர்கள் பெரும்பாலும் 95 ஆக்டேனுக்கு ஏற்ற மென்பொருளையே எழுதித் தருகிறார்கள். கோவையும் பெங்களூரும் கொச்சியும் இவ்வேலைக்குத் தென்னிந்தியாவில் பேர்பெற்ற ஊர்கள்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மாநில விதி அனுமதித்தாலும் அடிப்படை விவரக்குறிப்பை மாற்ற முடியாது என்றது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் என வகுத்தது.

ரீமேப் கண்ணுக்குத் தெரியாது. சோதனையில் சிக்குவது பெரும்பாலும் சைலன்சர் சத்தமும் மட்கார்டுக்கு வெளியே நீளும் டயரும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து இழப்பீட்டை மறுக்கவும் காரணமாகலாம்.

மார்த்தாண்டம் வட்டாரம்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. அதன் மேற்குப் பகுதி பேச்சிலும் வணிகத்திலும் போக்குவரத்திலும் இன்றும் திருவனந்தபுரத்தை நோக்கிய வட்டாரம். மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறி டி.என். 75. களியக்காவிளை தாண்டினால் கே.எல். வண்டிகள். இரு மாநிலப் பதிவுக் கார்களும் நாள் முழுக்க ஒரே சாலையில் கலந்து ஓடுகின்றன.

இந்தக் கலப்பு ஆர்வலருக்கு இரண்டு விளைவுகளைத் தருகிறது. முதலாவது, மாற்றியமைத்த வாகனங்கள்மீது கேரள மோட்டார் வாகனத் துறை கடுமை காட்டுவதால், டி.என். 75 கார்க்காரர் எல்லை தாண்டும் முன் இரு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, வேறு மாநிலப் பதிவுக் காரை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் உள்ளூர்ப் பதிவெண் பெற வேண்டும் என்ற சட்டம். எல்லைக்கு அப்பால் நல்ல விலைக்குக் கிடைக்கும் பழைய காருக்குத் தடையில்லாச் சான்றும் இங்கத்திய வரியும் சேர்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

இன்னோர் இழை வளைகுடா. இப்பகுதியினர் பலர் வேலை பார்க்கும் நாடுகளில் பழைய ஜெர்மன் கார்கள் மலிவு. அங்கே பி.எம்.டபிள்யூ. ஓட்டிப் பழகியவர் அதை ஊருக்குக் கொண்டுவர முடியாது. அவை இடப்பக்க ஸ்டீயரிங் கார்கள். இந்திய இறக்குமதி விதி வலப்பக்க ஸ்டீயரிங்கை மட்டுமே ஏற்கிறது, பழைய காரானால் மூன்று ஆண்டுக்குள்ளும் இருக்க வேண்டும். ஆசை அங்கே வளர்ந்தாலும், காரை இங்கே புதிதாகத் தேட வேண்டியதுதான்.

சாலை இரு முகம் காட்டும். மார்த்தாண்டம் சந்திப்பின் நெரிசலுக்கு மேலே சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீள இரும்பு மேம்பாலம் ஓடுகிறது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கமுள்ள ரப்பர் தோட்டச் சாலைகள் வளைவு மிகுந்தவை. மழைக்காலத்தில் இலையும் செம்மண்ணும் படிந்து வழுக்கும். கேரளப் பக்கத்தில் கழக்கூட்டம்-காரோடு நான்குவழிச் சாலை முடிந்த பிறகும், காரோட்டிலிருந்து கன்னியாகுமரி நோக்கிய தமிழ்நாட்டுப் பகுதியின் பணி இழுத்துக்கொண்டே போனது. ஆகவே நீண்ட ஓட்டம் விரும்புகிறவர்கள் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி காவல்கிணறு, திருநெல்வேலி நான்குவழிச் சாலைக்குப் போக வேண்டும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் பக்கக் காற்று ஆனி, ஆடியில் காரையும் தள்ளும். உயரமான எஸ்.யூ.வி.க்குப் பக்கத்தில் தாழ்ந்த செடானின் நிலைத்தன்மை அங்கே கையில் தெரியும்.

இன்றைய நிலை

இந்தியச் சந்தை எஸ்.யூ.வி. பக்கம் சாய்ந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடாகி, பழைய கூடுதல் தீர்வை நீங்கியதால் ஜெர்மன் செடான்களின் விலை ஓரளவு குறைந்தது. அதே ஆண்டு ஸ்கோடா முழு இறக்குமதியாக 265 குதிரைத்திறன் ஆக்டேவியா ஆர்.எஸ். கார்களை வெறும் 100 என்ற அளவில், ரூ. 49.99 லட்சத்துக்கு விற்பனைக்கு வைத்தது. புதிய காரின் விலை ஐம்பது லட்சத்தை ஒட்டி நிற்கும்வரை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் இந்த ஆர்வம் பழைய காரையும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளையும் நம்பியே நடக்கும்.