ஒட்டிய துளியின் அதிர்வு

வாழையிலையில் நீர் தெளித்து இலையை மெல்லத் தட்டிப் பாருங்கள். துளிகள் நடுங்கி அடங்கும். இந்த நடுக்கத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதைக் கணக்கில் அடக்க இயற்பியலாருக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1879ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராலே பிரபு, எதையும் தொடாத துளியை முதலில் ஆராய்ந்தார். துளியை உருண்டையாக்குவது பரப்பு இழுவிசை. உருண்டை நசுங்கினால் அவ்விசை அதைப் பழைய வடிவுக்கு இழுக்கிறது. நீரின் நிலைமமோ அங்கே நிற்கவிடாமல் அப்பாலும் கொண்டு செல்கிறது. ஆகவே துளி தட்டையாகவும் நீளமாகவும் மாறி மாறி அதிர்கிறது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள நீர்த்துளி நொடிக்குச் சுமார் 120 முறை அதிரும் என்று ராலேயின் சூத்திரம் தருகிறது. ஆரம் 4 மடங்கானால் அதிர்வெண் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

ராலேயின் வரிசையில் அதிர்வுகள் 2 என்னும் எண்ணிலிருந்தே தொடங்குகின்றன. 0 என்பது துளி முழுவதும் பருத்துச் சிறுப்பது. நீரை அவ்வாறு எளிதில் அமுக்க இயலாது. 1 என்பது துளி முழுவதும் ஒரு பக்கமாக நகர்வது. தனித்த துளியைத் திரும்ப இழுக்க விசை ஏதுமில்லை. எனவே அது நகர்ச்சி, அதிர்வன்று. விடுபட்ட இவ்விரு எண்களும் பின்னாளில் இடம் பெற்றது எப்படி?

0 இடம் பெற்றது குமிழியால். குமிழிக்குள் இருப்பது காற்று, அதை அமுக்கலாம். ஓடும் நீரின் சலசலப்புக்குக் காற்றுக் குமிழிகள் பருத்துச் சிறுப்பதே காரணம் என்று 1933இல் ஹாலந்தின் வானியல் அறிஞர் மின்னார்ட் விளக்கினார். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,260 முறை அதிர்கிறது. அது திடமான சுவரைத் தொட்டால்? சுற்றியுள்ள நீர் ஒரு பக்கம் விலகிச் செல்ல வழியின்றிப் போகிறது. குமிழி அசைக்க வேண்டிய நீரின் சுமை கூடுகிறது. இதனால் அதிர்வெண் சுமார் 17 சதவீதம் குறையும் என்பது 1953இல் அமெரிக்க அறிஞர் ஸ்ட்ராஸ்பெர்க் செய்த கணக்கின் முடிவு.

1 இடம் பெற்றது 1984இல். இத்தாலியரான ஸ்ட்ரானி, சபெட்டா இருவரும், கிண்ணம் போன்ற தாங்கியில் ஒரு பகுதி மட்டும் ஒட்டியிருக்கும் துளியைக் கணக்கிட்டனர். தாங்கி அடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே துளி மேலும் கீழும் நகர முற்பட்டால் அதன் பரப்பு வடிவம் மாறுகிறது. பரப்பு இழுவிசை அதைத் திரும்ப இழுக்கிறது. ராலேயின் துளியில் வெறும் நகர்ச்சியாக இருந்தது இங்கே அதிர்வாகிவிட்டது! மற்ற அதிர்வுகளைவிட இது மெதுவானதும் ஆகும். ஒட்டிய பகுதி சுருங்கச் சுருங்க, இதன் அதிர்வெண் 0ஐ நெருங்கும். ராலேயின் விடை மீண்டும் கிடைக்கும்.

துளியின் விளிம்பும் முக்கியமானது. விளிம்பு ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறதா, வழுக்கி நகர்கிறதா என்பதைப் பொறுத்தும் அதிர்வெண் மாறும். தட்டையான பரப்பில் அமர்ந்த துளிகளின் அதிர்வுகளை, தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணை போன்ற ஓர் அட்டவணையில் 2019இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பால் ஸ்டீன் குழுவினர் அடுக்கிக் காட்டினர்.

இவ்வரலாறு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. மேசைமேல் அமர்ந்த துளியின் அதிர்வெண்ணை அளந்து, அதை ராலேயின் சூத்திரத்தில் இட்டுப் பரப்பு இழுவிசையைக் காண முயன்றால் விடை தவறும். சூத்திரத்தில் பிழையில்லை, அது தனித்த துளிக்கு உரியது. மேசை பிடித்துக்கொண்ட துளிக்குக் கணக்கு வேறு.