கேம்பர் வேன் பின்புற மிதிவண்டித் தாங்கி

கேம்பர் வேன் பின்புற மிதிவண்டித் தாங்கி என்பது, படுக்கையும் சமையல் வசதியும் கொண்ட பயண வேனின் பின்பக்கத்தில் மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லப் பொருத்தப்படும் சட்டகம். பெரும்பாலும் அலுமினியக் குழாய்களால் ஆனது. ஐரோப்பாவில் பரவலாகப் புழங்குகிறது. இத்தாலியின் ஃபியாமா, சுவீடனின் தூலே ஆகியவை இதைத் தயாரிக்கும் முன்னணி நிறுவனங்கள்.

வகைகள்

ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் போன்ற வேன்களில், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவின் விளிம்புகளைக் கவ்விப் பிடிக்கும் தாங்கி பொருந்தும். ஃபியட் டுகாட்டோவின் இரட்டைக் கதவுகளுக்கு, கீல்களிலோ கதவு விளிம்பிலோ பிணைக்கும் வகை உண்டு. தனியே கட்டப்பட்ட கூடு கொண்ட வண்டிகளில் பின்சுவரைத் துளையிட்டுப் பொருத்துவர். இழுவைக் கொக்கியின் குமிழில் மாட்டும் வகையும் உள்ளது.

பொருத்தும் முறை

வேனின் மாதிரிக்கும் ஆண்டுக்கும் உரிய தாங்கியையே தேர்ந்தெடுக்க வேண்டும். கவ்விகள் படும் இடத்தைத் துடைத்து, பெயின்ட் உரசாதிருக்க ரப்பர் பட்டை இடுவர். மேல் கவ்விகளைப் பிடிக்க வைத்துச் சட்டகத்தை மட்டப்படுத்திய பின்னரே எல்லா போல்ட்டுகளையும் முறுக்குவர். சுவரைத் துளையிட்டால், மேல் பிடிகள் வெளியே இழுபடும் என்பதால் உட்புறத்தில் தாங்குதகடு வைப்பது அவசியம். துளைகளைப் பாலியூரித்தேன் பசையால் அடைக்காவிட்டால் நீர் கசிந்து சுவரின் உட்பகுதி கெடும். சிறிது தூரம் ஓட்டியபின் போல்ட்டுகளை மீண்டும் சோதிப்பது வழக்கம்.

சுமை

எத்தனை மிதிவண்டிகள் என்பதைவிட மொத்த எடையே முக்கியம். மின்மிதிவண்டி ஒன்று 20 முதல் 25 கிலோ வரை இருப்பதால், நான்கு தடங்கள் கொண்ட தாங்கியிலும் இரண்டை மட்டுமே ஏற்ற நேரலாம். சுமை பின் அச்சுக்கு அப்பால் தொங்குவதால் நெம்புகோல் விளைவும் சேரும். அச்சிடைத் தூரம் 4 மீட்டராகவும், சுமை பின் அச்சுக்கு 2 மீட்டர் அப்பாலும் இருந்தால், 60 கிலோ சுமை பின் அச்சில் 90 கிலோவாக அழுத்தும். முன் அச்சில் 30 கிலோ குறையும். மேல்நோக்கித் திறக்கும் கதவுக்குக் கூடுதல் விசையுள்ள கேஸ் ஸ்ட்ரட் (கதவைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) தேவைப்படலாம்.

விதிகள்

பின்விளக்குகளும் எண் பலகையும் மறைந்தால், அவற்றைத் தாங்கியில் மீண்டும் பொருத்த வேண்டும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும், பின்னால் நீளும் சுமைக்குச் சிவப்பு–வெள்ளைச் சாய்கோடுகளுடன் 50 × 50 செ.மீ. ஒளிதெறிக்கும் பலகை கட்டாயம்.