இயற்கை உரிமையும் ஆட்சி அதிகாரத்தின் மூலமும்: கடலூர், சிதம்பரம்

உயிரும் விடுதலையும் மனிதருக்குப் பிறப்பிலேயே உரியவை. அவற்றைக் காக்கவே அரசு. ஆளப்படுவோர் இசைந்தால்தான் அதன் அதிகாரம் செல்லும் என்பது இயற்கை உரிமைக் கோட்பாடு. இதை விரித்துரைத்த ஜான் லாக்கின் 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' இங்கிலாந்தில் 1690 என்ற ஆண்டுக் குறிப்போடு வெளிவந்தது. அதே 1690இல்தான் அந்நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரில் ஆட்சியைக் கைக்கொண்டது.

செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடம், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது ஆளுநர் எலைஹு யேல். கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவுவரை உள்ள ஊர்களும் சேரும் என்பது பேரம். செப்டம்பரில் பீரங்கி முழங்கியது. எவ்வளவு மருந்து கெட்டிப்பது, எப்படிச் சுடுவது என்பதெல்லாம் பீரங்கிக்காரரின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்டது. கடலூர் நகரமே அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. அவ்வூர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் நிலைத்தது. அங்கே உழுதவர்களையும் தறி நெய்தவர்களையும் வலை வீசியவர்களையும் விற்ற மன்னரும் கேட்கவில்லை, வாங்கிய கம்பெனியும் கேட்கவில்லை. புனித டேவிட் கோட்டை எனப்பட்ட அந்தத் தேவனாம்பட்டினம் கோட்டை 1746 முதல் 1752 வரை தென்னகத்தில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவும் இருந்தது.

இசைவின்றி வந்த ஆட்சி கேள்வியைப் பொறுக்கவில்லை. புதுச்சேரியை விட்டு 1918 நவம்பரில் ஆங்கிலேய எல்லைக்குள் நுழைந்த பாரதியார், கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் அடைக்கப்பட்டார். டிசம்பரில் விடுவித்தபோதும் நிபந்தனைகள் விதித்தே அனுப்பினார்கள்.

சிதம்பரத்தில் உரிமையை மறித்தது அரசு மட்டுமன்று, ஊரும் சாதியும். சுவாமி சகஜானந்தர் 1916இல் அங்கே நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, பள்ளி வாசல் மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கோயில் நுழைவை எல்லோருக்கும் உரிமையாக்கிய சட்டம் வந்ததும் 1947இல்தான். அரசின் கையைக் கட்டினால் உரிமை பிழைத்துவிடும் என்று லாக்கின் வழிவந்தோர் எண்ணலாம். சேரியின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. பறித்தவரிடமிருந்து மீட்டுத் தரவும் அரசு வேண்டியிருந்தது.

1950இல் நடப்புக்கு வந்த அரசமைப்புச் சட்டம், தன் அதிகாரம் மக்களிடமிருந்தே பிறப்பதாக முகவுரையில் அறிவித்தது. ஆனாலும் அதே ஆண்டு, சென்னை மாகாணத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்ட ஏ. கே. கோபாலனின் வழக்கில், சட்டமன்றம் இயற்றியதே சட்டம், இயற்கை நீதி அதற்கு மேலானதன்று என்ற பார்வையே உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அடிப்படை உரிமைகள் இயற்கை உரிமைகளின் இக்காலப் பெயரே என்று தலைமை நீதிபதி சுப்பாராவ் 1967இல், கோலக்நாத் வழக்கில் கூறினார். அந்தரங்கம் மனிதரோடு பிறந்த உரிமை என 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

டெல்லியில் எழுதப்படும் தீர்ப்பு விருத்தாசலம் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு வந்து சேரும் வேகம் வேறு. 1993 மார்ச்சில் முதனை கிராமத்து ராசாக்கண்ணு திருட்டுப் புகாரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. குறவர் சமூகத்தைச் சேர்ந்த அவருடைய மனைவி ஆட்கொணர்வு மனுவோடு சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். அவருக்காக வாதாடியவர் வழக்கறிஞர் சந்துரு. பிடித்துப் போன ஆளை நேரில் நிறுத்து என்று ஓர் ஏழைப் பெண் அரசைக் கேட்க முடிந்தது, அதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. ராசாக்கண்ணு காவலில் அடித்துக் கொல்லப்பட்டது விசாரணையில் வெளிப்பட்டது. காவலர்கள் குற்றவாளிகள் என்பது உயர் நீதிமன்றத்தில் உறுதியாக 2006 ஆயிற்று.